விடுதிக் காப்பாளர்களுக்கு ஒரு பல் மருத்துவரின் திறந்த மடல்

கல்லூரி விடுதிகளின் காப்பாளர்களுக்கும் துணைக் காப்பாளர்களுக்கும் வணக்கம்.

திருச்சியில், கல்லூரிகள் நெருங்கி அமைந்த பகுதியொன்றில் பல் மருத்துவம் பார்க்கிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் உங்கள் விடுதிகளில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள். ஞானப்பல் வலி, சொத்தை, ஈறில் ரத்தக்கசிவு, வண்டியிலிருந்து விழுந்து உடைந்த முன்பல் என்று வழக்கமான காரணங்களோடு வருவார்கள். அவர்களில் சிலருடைய வாய்க்குள், பட்டினி கிடந்தும் வாந்தி எடுத்தும் உடலை வதைத்துக்கொள்ளும் நோய்களின் அடையாளங்களைக் காண்கிறேன். அதை உங்களிடம் சொல்லியாக வேண்டும் என்ற எண்ணம் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருந்தது. புதிய கல்வியாண்டுக்கான சேர்க்கை நெருங்குகிறது. விடுதி விதிமுறைகளை நீங்கள் மறுபடியும் அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் இது உங்கள் பார்வைக்கு வர வேண்டும் என்பதற்காகவே இப்போது எழுதுகிறேன்.

பல் கூசுகிறது, சாதாரணத் தண்ணீரைக்கூடக் குடிக்க முடியவில்லை என்று ஒரு மாணவி வருவாள். நேரே நின்று பார்த்தால் முன்பற்களில் குறை எதுவும் தெரியாது. சிறு கண்ணாடியை உள்ளே விட்டு மேல்வரிசை முன்பற்களின் பின்பக்கத்தைப் பார்க்கும்போதுதான் விஷயம் புரியும். எனாமல் கரைந்து வழுவழுவென்று ஆகியிருக்கும். அடியிலுள்ள மஞ்சள் நிறப் பகுதி தெரியும். பல்லின் நுனி, விளக்கு வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெலிந்திருக்கும். எப்போதோ அடைத்த கடைவாய்ப் பல்லில், சுற்றியிருந்த பல் கரைந்துபோக, அடைத்த பொருள் மட்டும் மேடாக நிற்கும். கீழ்வரிசை முன்பற்கள் பெரும்பாலும் தப்பித்திருக்கும். வாந்தி வரும்போது நாக்கு அவற்றின் மேல் படிந்து காப்பதே காரணம்.

வாய்க்குள் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (இது குறையக் குறைய அமிலம் கூடும்) 5.5க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கிவிடும். வயிற்று அமிலம் அதைவிடப் பல மடங்கு கடுமையானது. ஒருநாள் இருநாள் வாந்தியில் இப்படி ஆகாது. பல மாதங்கள், சில நேரம் ஆண்டுகள் தொடர்ந்த பிறகே பல்லில் இது தெரியும். நாள்பட்ட நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கும், தினமும் வெறும் வயிற்றில் எலுமிச்சைச் சாறு குடிப்பவர்களுக்கும்கூடப் பல் தேய்வதுண்டு. ஆகவே பல்லைப் பார்த்த மாத்திரத்தில் நான் முடிவுகட்டுவதில்லை. ஆனால் காதுக்குக் கீழே இரு பக்கமும் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருந்து, வலது கையின் விரல் முட்டிகளில் பல் பட்டுக் காய்த்த தழும்பும் இருந்தால், உடன் வந்த தோழியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, மெதுவாகக் கேட்பேன். சிலர் அல்சர் என்பார்கள். சிலர் எதுவும் சொல்லாமல் அழுவார்கள்.

இந்த நோய்களை உண்ணுதல் கோளாறுகள் என்ற பொதுப்பெயரால் மருத்துவம் குறிக்கிறது. எடை கூடிவிடும் என்ற தீராத அச்சத்தில் உணவைக் குறைத்துக்கொண்டே போய் உடல் உருக்குலைவது அனோரெக்ஸியா நெர்வோசா. லண்டன் மருத்துவர் வில்லியம் கல் 1870களிலேயே இந்தப் பெயரை வைத்துவிட்டார். கட்டுப்படுத்த முடியாமல் குறுகிய நேரத்தில் ஏராளமாகத் தின்றுவிட்டு, அதை எப்படியாவது ஈடுகட்ட வேண்டும் என்ற பதைப்பில் வாந்தி எடுப்பதும், பேதி மாத்திரை விழுங்குவதும், பட்டினி கிடப்பதும், உடம்பு ஒடியும்வரை உடற்பயிற்சி செய்வதும் புலிமியா நெர்வோசா. இதை 1979இல் தனி நோயாக விவரித்தவர் ஜெரால்ட் ரஸ்ஸல். விரல் முட்டியில் நான் தேடும் அந்தத் தழும்பை முதலில் எழுதிவைத்தவரும் அவரே. ஈடுகட்டும் செயல் எதுவும் இல்லாமல், அளவுமீறித் தின்றுவிட்டு வெட்கத்தில் குமைவதும் ஒரு நோய்தான் என்று 2013இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடு ஏற்றுக்கொண்டது. இந்த மடலில் எடைக் கணக்கையோ கலோரிக் கணக்கையோ வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். நோயின் பிடியில் இருக்கும் பிள்ளை ஒருத்தி இதைப் படித்தால், அந்த எண்களை மட்டும் பொறுக்கி எடுத்துத் தனக்கு இலக்காக வைத்துக்கொள்வாள்.

இதெல்லாம் அடம், அழகுப் பைத்தியம், வசதியான வீட்டுப் பிள்ளைகளின் கொழுப்பு என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். பெற்றோர்களே என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். உலகெங்கும் நடந்த 36 ஆய்வுகளைத் தொகுத்து 2011இல் வெளியான ஆராய்ச்சியின்படி, அனோரெக்ஸியா உள்ளவர்கள் இறக்கும் வாய்ப்பு அதே வயதுடைய மற்றவர்களைவிட ஏறக்குறைய ஆறு மடங்கு. அப்படி இறந்தவர்களில் ஐந்தில் ஒருவர் தற்கொலை செய்துகொண்டவர். மனநோய்களில் இவ்வளவு உயிர்களைப் பறிக்கும் நோய்கள் மிகச் சிலவே. நம் நாட்டில் இது இல்லை என்ற வாதமும் நிற்காது. இந்திய மனநல மருத்துவ இதழில் 1995இலேயே ஓர் ஆய்வு வந்தது. மருத்துவ மாணவர்கள் 210 பேரைப் பரிசோதித்ததில், முழுமையான நோய் என்று சொல்ல முடியாவிட்டாலும் உணவாலும் உடல் எடையாலும் துயரப்படும் நிலையில் 31 பேர் இருந்தார்கள். கைப்பேசி வருவதற்கு முந்தைய காலம் அது.

பசிபிக் தீவான ஃபிஜியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். பருத்த உடலையே அழகென்று கொண்டாடிய ஊர்களுக்கு 1995இல் தொலைக்காட்சி வந்தது. எடையைக் குறைக்க வாந்தி எடுப்பதாக அந்த ஆண்டில் ஒரு பள்ளி மாணவிகூடச் சொல்லவில்லை. 1998இல் நூற்றுக்குப் பதினோரு பேர் சொன்னார்கள். மானுடவியலாளர் ஆன் பெக்கர் நடத்திய ஆய்வு இது. அங்கே வந்தது கூடத்தில் வைத்த ஒரு பெட்டிதான். உங்கள் விடுதியில் ஒவ்வொரு தலையணைக்கு அடியிலும் ஒரு திரை இருக்கிறது. அது மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். பரம்பரைக்கும் பங்கு உண்டு என்பதை இரட்டையர்களிடம் நடத்திய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படிப்பின் நெருக்கடி, வீட்டுச் சண்டை, பாலியல் துன்புறுத்தல், "உன் அக்கா எவ்வளவு ஒல்லியாக இருக்கிறாள் பார்" என்று அத்தை ஒருமுறை சொன்ன சொல், இவற்றில் எது யாரிடம் தீயைப் பற்றவைக்கும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது.

உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்பதற்கு வருகிறேன். இந்த நோய்கள் பெரும்பாலும் பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் தலைகாட்டுகின்றன. அந்த வயதில் பிள்ளைகள் இருப்பது உங்கள் பொறுப்பில். அம்மா அவளைப் பார்ப்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும். மருத்துவர் பார்ப்பது மயங்கி விழுந்த பிறகு. நான் பார்ப்பது பல் கரைந்த பிறகு. அவளுடைய தட்டையும் தூக்கத்தையும் குளியலறையையும் தினமும் அருகிலிருந்து பார்க்கும் ஒரே இடம் விடுதிதான். உங்களுக்கும் முன்பாக அறிந்திருப்பவர்கள் உங்கள் தூய்மைப் பணியாளர்கள். எந்தத் தளத்தில், இரவு உணவு முடிந்து எவ்வளவு நேரத்தில் எந்தக் கழிப்பறை அடைத்துக்கொள்கிறது என்று அந்த அக்காக்களுக்குத் தெரியும். ஆனால் அவர்கள் அதை எங்கே போய்ச் சொல்வது? புகாராகச் சொன்னால் அது அபராதமாக மாறுகிறது. கழிப்பறையில் வாந்தி எடுத்து அடைப்பு உண்டாக்கினால் இவ்வளவு ரூபாய் என்று அச்சடித்த அறிவிப்பை ஒரு மாணவி தன் கைப்பேசியில் எனக்குக் காட்டியிருக்கிறாள். அதைப் பார்த்த பிறகு அவள் வாந்தியை நிறுத்தவில்லை. பாலித்தீன் பையில் எடுத்து, முடிச்சுப் போட்டு, காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில் எறியத் தொடங்கினாள். அபராதம் செய்ததெல்லாம், கண்ணில் பட்டுக்கொண்டிருந்த ஒரே அடையாளத்தையும் மறைத்துவைத்ததுதான்.

இன்னொரு மாணவியைப் பற்றி, அவள் சம்மதத்தோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன். ஊருக்குப் போய் வந்த அறைத்தோழி ஒரு பெரிய எவர்சில்வர் டப்பா நிறைய முறுக்கும் அதிரசமும் கொண்டுவந்திருந்தாள். இவள் அன்று பகல் முழுவதும் வரக்காப்பியைத் தவிர எதையும் தொடவில்லை. நள்ளிரவு தாண்டி எல்லோரும் உறங்கிய பிறகு, கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே தரையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்திருக்கிறாள். முறுக்கைக் கடித்தால் சத்தம் கேட்கும் என்று ஒவ்வொன்றையும் வாயில் வைத்து எச்சிலில் ஊறவிட்டு விழுங்கியிருக்கிறாள். ருசியே தெரியவில்லை, வயிறு வலித்த பிறகும் கை நிற்கவில்லை என்றாள். அதிரசத்தின் எண்ணெய் பாவாடையில் படிந்ததை இருட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்தது வரை அவளுக்கு நினைவிருக்கிறது. மறுநாள் காலையில் தளத்திலிருந்த எல்லோரையும் வராந்தாவில் நிற்க வைத்துப் பெட்டிகளைத் திறந்து சோதனை போட்டார்கள். காலி டப்பா இவள் கட்டிலுக்கு அடியில் இருந்தது. திருடி என்ற பெயர் அந்த ஆண்டு முழுவதும் கூடவே வந்தது. அன்றோடு மெஸ்ஸில் உட்கார்ந்து சாப்பிடுவதையே விட்டுவிட்டாள்.

அந்தக் காப்பாளர் மீது எனக்குக் கோபம் இல்லை. அறையில் பொருள் காணாமல் போனால் ஒரு காப்பாளர் செய்வதைத்தான் அவர் செய்தார். பட்டினி கிடந்த உடம்பு ஒரு கட்டத்தில் கையை மீறிப் பாயும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த இளைஞர்கள் 36 பேர் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமாக இருந்தவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆறு மாதம் அரைப்பட்டினி. எடை கால்வாசி குறைந்தது. அதைவிட முக்கியம் அவர்களுடைய மனத்துக்கு நேர்ந்தது. ஓயாமல் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், கனவு கண்டார்கள். அதுவரை சமையலறைப் பக்கம் போகாதவர்கள் சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். தட்டிலிருந்ததைத் துண்டு துண்டாக்கி, தண்ணீர் கலந்து, ஒரு வேளை உணவை மணிக்கணக்காக இழுத்தார்கள். எரிந்து விழுந்தார்கள், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினார்கள். கோடையிலும் குளிரில் நடுங்கினார்கள். சோதனை முடிந்து உணவு தாராளமாகக் கிடைத்த பிறகும் சிலரால் வயிறு நிறைந்ததை உணர முடியவில்லை, தின்றுகொண்டே இருந்தார்கள். அவர்களில் யாரும் அழகுப் பைத்தியம் பிடித்தவர்கள் அல்லர். பட்டினி மட்டுமே அவர்களை அப்படி ஆக்கியது. உங்கள் மெஸ்ஸில் ஒரு இட்லியை அரை மணி நேரம் பிய்த்துக்கொண்டிருக்கும் பெண்ணை அடுத்த முறை பார்க்கும்போது அந்த 36 பேரை நினைத்துக்கொள்ளுங்கள்.

நோய் பிடித்த பிள்ளையின் ஒருநாள் எப்படிப் போகிறது என்பதை அவர்களிடமிருந்தே கேட்டறிந்திருக்கிறேன். விழித்ததும் முதல் எண்ணம் நேற்று என்ன தின்றோம் என்பது. பல் துலக்கும் முன்பே மணிக்கட்டைச் சுற்றி விரலைக் கோத்து அளந்து பார்ப்பது. காலை மணி அடித்ததும், பொங்கலின் மேல் மிதக்கும் நெய்யை எண்ணி நெஞ்சு படபடப்பது. வகுப்பில் ஆசிரியர் பேசுவது காதில் விழும், மனத்தில் தங்காது. மதியம் என்ன சாக்குச் சொல்வது என்ற கணக்கு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். தோழியின் பிறந்தநாளன்று கேக் வெட்டும் நேரத்துக்கு நூலகத்தில் ஒளிந்துகொள்வார்கள். மாடிப்படி ஏறினால் கண் இருட்டும். மர பெஞ்சில் அதிக நேரம் உட்கார்ந்தால் எலும்பு வலிக்கும். தலைமுடி கொத்துக் கொத்தாக வரும். மாதவிலக்கு நின்றிருக்கும், நல்லதாகப் போயிற்று என்று சொல்லிக்கொள்வார்கள். எலும்பு உள்ளுக்குள் வலுவிழந்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. சித்திரை வெயிலில் திருச்சியே கொதிக்கும்போது முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவளைப் பார்த்திருக்கிறேன். கையைத் தொட்டால் ஜில்லென்று இருந்தது. அடிக்கடி வாந்தி எடுப்பவளுக்கோ சுரப்பிகள் வீங்கிக் கன்னம் உப்பும். கண்ணாடியில் அதைப் பார்த்து முகம் பருத்துவிட்டது என்று மிரண்டு, இன்னும் அதிகமாக வாந்தி எடுப்பாள்.

ஊரில் கல்யாணம், காதுகுத்து என்றால் வரவில்லை என்று சொல்லிவிடுவார்கள். பந்தியில் இலையை யார் யார் பார்ப்பார்கள் என்ற பயம். "எலும்பும் தோலுமாக ஆகிவிட்டாயே" என்பதும் "உடம்பு வைத்துவிட்டதே" என்பதும் நம் உறவினர்களுக்கு நலம் விசாரிப்பு. அந்தப் பிள்ளைக்கு முதலாவது பாராட்டாகவும் இரண்டாவது தண்டனையாகவும் கேட்கும். இத்தனைக்கும் நடுவில் மதிப்பெண் குறையாமல் இருக்கலாம். வகுப்பில் முதலிடம் வாங்குகிறாளே, அவளுக்கென்ன என்று ஏமாந்துவிடாதீர்கள். எல்லாவற்றிலும் பிசகில்லாமல் இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் இந்த நோயோடு சேர்ந்தே வருவதுண்டு.

நம் ஊரில் இந்த நோய்க்கு மாறுவேடங்கள் நிறைய. முதலாவது அல்சர். வயிறு உப்புசமாக இருக்கிறது, கேஸ், சாப்பிட்டால் நெஞ்சைக் கரிக்கிறது என்றால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். உடல் பருமனைப் பற்றிய பேச்சே எடுக்காமல், வயிற்று உபாதையை மட்டும் சொல்லி மெலிந்துகொண்டே போகும் நோயாளிகளை நம் நாட்டு மனநல மருத்துவர்களே பதிவு செய்திருக்கிறார்கள். சிலருக்கு அது சாக்கு. சிலர் உண்மையிலேயே அப்படித்தான் உணர்கிறார்கள். இரண்டாவது விரதம். செவ்வாய், வெள்ளி, சஷ்டி, ஏகாதசி என்று வாரத்தில் பாதி நாள் பக்தியின் நிழலில் பட்டினி மறைந்துகொள்ளும். விரதத்தை நான் குறைகூறவில்லை, என் வீட்டிலும் இருக்கிறார்கள். விரதம் இருப்பவர் மறுநாள் பாரணைக்கு நிம்மதியாக உட்காருகிறார். நோன்பு திறக்கும் பிள்ளை கஞ்சிக்குக் கை நீட்டும்போது அதன் முகத்தில் மகிழ்ச்சி இருக்கிறது. விரதம் முடிகிற நேரத்தில் ஒருத்தியின் முகம் வெளிறினால், அங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

மெலிந்தவர்களை மட்டும் தேடினாலும் பலரைத் தவறவிடுவீர்கள். புலிமியா உள்ளவர்களில் பெரும்பாலோர் சாதாரண எடையில் இருப்பார்கள். பருமனாக இருந்த பிள்ளை நான்கைந்து மாதத்தில் வேகமாக இளைத்தால் நாமெல்லாம் பாராட்டுவோம். அந்த உடம்பின் இதயம், ஒல்லியான உடம்பின் இதயத்துக்குச் சமமான ஆபத்தில் இருக்கக்கூடும். ஆண்கள் விடுதிக் காப்பாளர்களும் இதைத் தங்களுக்கு எழுதியதாகவே படிக்க வேண்டும். ஜிம்முக்குப் போகும் பையன் சோற்றை அடியோடு ஒதுக்கி, முட்டையின் வெள்ளைக்கருவும் புரதப்பொடியுமாகக் காலம் தள்ளி, ஒருநாள் உடற்பயிற்சி தவறினால் பித்துப்பிடித்தவன் போல் ஆனால் அதுவும் இந்தக் குடும்பத்து நோயாக இருக்கலாம். பையன்கள் இதை வெளியே சொல்வது இன்னும் அரிது. விளையாட்டு விடுதிகளில் எடைப் பிரிவுக்காக உடம்பை வற்றவைப்பது பயிற்சியின் பகுதியாகவே ஆகிவிட்டது. ஓட்டப் பந்தய வீராங்கனைக்கு மாதவிலக்கு நிற்பது இயல்பு என்று சொல்லும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். போதுமான உணவில்லாமல் பயிற்சி செய்வதால் வரும் உடல்நலக் குறைவு அது என்று சர்வதேச ஒலிம்பிக் குழு 2014லேயே அறிக்கை வெளியிட்டுவிட்டது.

இனி நீங்கள் செய்யக்கூடியவை. சந்தேகம் வந்தால் தனியாக அழைத்துப் பேசுங்கள். மெஸ்ஸில் வேண்டாம், தோழிகள் முன்னால் வேண்டாம், சாப்பாட்டு நேரத்தில் வேண்டவே வேண்டாம். எடையையும் உருவத்தையும் பற்றி ஒரு சொல்கூடப் பேசாமல் தொடங்குங்கள். "கொஞ்ச நாளாக நீ சோர்வாக இருக்கிறாய், தனியாகவே இருக்கிறாய், எனக்குக் கவலையாக இருக்கிறது, ஏதாவது சொல்ல வேண்டுமா அம்மா" என்ற அளவில் போதும். முதல்முறை மறுப்பாள், கோபப்படவும் செய்வாள். விட்டுவிட்டு, சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள். "என் முன்னால் உட்கார், இந்த மூன்று தோசையையும் தின்றுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்" என்று மட்டும் செய்யாதீர்கள். அவமானம் ஒருபுறம் இருக்க, நீண்ட நாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று உணவைத் திணித்தால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சரிந்து உயிருக்கே ஆபத்து நேரலாம். உணவை எந்த வேகத்தில் கூட்டுவது என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும்.

மயங்கி விழுதல், நெஞ்சு படபடத்துத் தவறித் தவறித் துடித்தல், தசைப்பிடிப்பு, எழுந்து நிற்க முடியாத தளர்ச்சி, பகலில் உட்கார்ந்திருக்கும்போதே நாடி நிமிடத்துக்கு 50க்கும் கீழே இருத்தல், வாந்தியில் ரத்தம், செத்துவிடலாம் போலிருக்கிறது என்ற பேச்சு, இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை காத்திருக்காதீர்கள். தொடர் வாந்தியாலும் பேதி மாத்திரையாலும் பொட்டாசியம் குறைந்தால் இதயம் எச்சரிக்கை கொடுக்காமலே நின்றுவிடலாம். பக்கத்திலுள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோய், "வாந்தி எடுக்கும் பழக்கம் இருப்பதாகச் சந்தேகப்படுகிறோம்" என்பதை மருத்துவரிடம் வாய்திறந்து சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டால் குளுக்கோஸ் ஏற்றி, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். அவசரம் இல்லாத நிலையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுக்கு அனுப்பலாம். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். காப்பாளராக நீங்களும் அதில் ஆலோசனை கேட்கலாம்.

என் துறை சார்ந்து ஒன்று. வாந்தி எடுத்த உடனே பல் துலக்கக் கூடாது. அமிலத்தில் மென்மையான எனாமலைப் பிரஷ் சுரண்டி எடுத்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பச் சோடா கலந்து வாய் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து ஃபுளோரைடு பற்பசையால் மெதுவாகத் துலக்கலாம். நோய் தீரும்வரை பல்லையாவது காப்பாற்றிவைக்க இது உதவும். மருத்துவ அறையில் இதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவையுங்கள். யாரும் பெயர் சொல்லிக் கேட்க வேண்டாதபடி அது அங்கே இருக்கட்டும்.

பெற்றோருக்குச் சொல்லும்போது பார்த்துச் சொல்லுங்கள். "உங்கள் மகள் சாப்பாட்டை வாந்தி எடுக்கிறாள், வந்து அழைத்துப் போங்கள்" என்று தொலைபேசியில் கேட்ட தாய்க்கு முதலில் தோன்றுவது கர்ப்பமோ என்ற சந்தேகம். அடுத்து நடப்பது விசாரணை, சில வீடுகளில் அடி. நேரில் வரவழைத்து, இது சிகிச்சை உள்ள நோய் என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லி, பிறகு மற்றதைச் சொல்லுங்கள். பெற்றோரைக் குற்றவாளிகளாக நடத்தவும் வேண்டாம். லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான சிகிச்சை முறை, பதின்ம வயதினருக்கு மீண்டும் உணவூட்டும் பொறுப்பைப் பெற்றோர் கையிலேயே கொடுத்து நல்ல பலன் கண்டிருக்கிறது. புலிமியாவுக்குப் பேச்சுவழிச் சிகிச்சையும் மருந்தும் கைகொடுக்கின்றன. மாதங்களாகும், சிலருக்கு ஆண்டுகளாகும், நடுவில் சறுக்கலும் வரும். ஆனால் தேறி வந்து, வேலைக்குப் போய், பற்களைச் சீரமைத்துக்கொள்ள என்னிடம் திரும்பி வந்தவர்கள் இருக்கிறார்கள்.

விதிமுறைகளில் நான் கேட்கும் மாற்றங்கள் பெரிய செலவு பிடிப்பவை அல்ல. கழிப்பறை அடைப்புக்கும் வாந்திக்கும் அபராதம் என்ற விதியை எடுத்துவிடுங்கள். தூய்மைப் பணியாளர் ஒருவர் எதையாவது கவனித்தால் உங்களிடம் மட்டும் வந்து சொல்ல வழிசெய்து, அந்த வேலையின் சுமைக்கு அவருக்குக் கையுறையும் கூடுதல் ஊதியமும் கொடுங்கள். வராந்தாவில் எல்லோரும் பார்க்க வைத்திருக்கும் எடை இயந்திரத்தை மருத்துவ அறைக்குள் கொண்டுபோங்கள். ஆண்டுதோறும் நடக்கும் உடல்நல முகாமில் எடையைச் சத்தமாகப் படித்து, வரிசையில் நிற்பவர்கள் காதில் விழ வைப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். நேற்று இவ்வளவு கிலோ உணவு வீணானது என்று மெஸ் வாசலில் எழுதும் பலகையின் நோக்கம் நல்லதுதான். தட்டில் மிச்சம் வைத்தவரைப் பெயர் சொல்லி நிறுத்துவது மட்டும் வேண்டாம். தின்பண்டம் காணாமல் போனால் பெட்டியைத் திறந்து எல்லோர் முன்னாலும் தேடாதீர்கள்.

கடைசியாக ஒன்று, எனக்கு இதுதான் மிக முக்கியம். சிகிச்சைக்காக ஊருக்குப் போகும் மாணவியின் விடுதி இடம் ரத்தாகிவிடும், வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் தேர்வெழுத முடியாது என்ற இரண்டு பயங்களால்தான் பலர் மனநல மருத்துவரிடம் போக மறுக்கிறார்கள். நான் எழுதிக் கொடுத்த பரிந்துரைக் கடிதத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, செமஸ்டர் முடியட்டும் டாக்டர் என்று போனவர்களை எனக்குத் தெரியும். டெங்குவுக்கும் மஞ்சள்காமாலைக்கும் ஏற்கும் மருத்துவச் சான்றிதழை மனநல மருத்துவர் கொடுத்தாலும் ஏற்க வேண்டும் என்று முதல்வரிடம் பேசி எழுத்தில் வாங்கிவையுங்கள். அவள் திரும்பி வரும்வரை அவள் கட்டிலை வேறு யாருக்கும் ஒதுக்க மாட்டோம் என்பதையும் அதே தாளில் சேர்த்து, சேர்க்கை நாளன்று பெற்றோர் கையில் கொடுங்கள். புதிய மாணவியரிடம் பேச என்னை அழைத்தால், மருத்துவமனையை அன்று மாலை பூட்டிவிட்டு வருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம்.

அன்புடன்,
திருச்சியிலிருந்து ஒரு பல் மருத்துவர்